துடக்குக் காத்தவர்கள்

அருந்தவம் செத்தபோது ஊரில் ஒருவருக்கும் துடக்கு வரவில்லை.

தகப்பன் வழிச் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அந்தப் பகுதி, அதாவது அந்த வம்சத்து ஆட்கள் முழுவதும், துடக்குக் காக்க வேண்டும். சாமியறையில் விளக்கு வைக்கக்கூடாது. கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. மச்சம் மாமிசம் சட்டிக்குள் போகக்கூடாது. நல்ல காரியம் எதுவென்றாலும் தள்ளிப் போட வேண்டும். நாவலடிக் குறிச்சியில் வேலிச் சண்டை பிடித்து வருடக்கணக்காக முகம் பாராமல் இருக்கிறவன்கூட, பகுதிக்குள் சாவென்று கேள்விப்பட்டால் அன்று பின்னேரமே விளக்கை நிறுத்திவிடுவான். கோபம் வேறு, துடக்கு வேறு. அப்படிப்பட்ட ஊரில், அருந்தவத்தின் பிரேதம் ஒழுங்கையைத் தாண்டிச் சுடலைக்குப் போகிற நேரம், அவனுடைய தமையன் பஞ்சலிங்கத்தின் குசினியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. பறைமேளத்தையும் அழுகையையும் தாண்டி அந்த மணம் வந்தது. படலையடியில் விழுந்து கிடந்து குழறிக்கொண்டிருந்த அவனுடைய பெண்சாதி உதயகலா அந்த மணத்துக்குத் தலையை நிமிர்த்தினாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

அருந்தவம் ஆழ்வாப்பிள்ளையின் மகன் என்பது ஊரறிந்த விஷயம். ஆழ்வாப்பிள்ளை தாலி கட்டிய பெண்சாதிக்குப் பஞ்சலிங்கம் பிறந்தார். தாலி கட்டாமல் வைத்திருந்த கிளியம்மாவுக்கு அருந்தவம் பிறந்தான். கிழவன் உயிரோடு இருந்த காலத்தில், வயல்கரையில் உள்ள இரண்டு பரப்புத் துண்டைக் காட்டி, "உது உனக்குத்தான்ரா" என்று அருந்தவத்துக்குச் சொல்லியிருந்தார். வாயால் சொன்னாரே தவிர உறுதிப் பத்திரம் எழுதவில்லை. அந்தத் துண்டில்தான் அருந்தவமும் உதயகலாவும் தகரக் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. கூலி வேலையும் நாலு கோழியும்தான் சீவியம்.

பஞ்சலிங்கம் அப்படியல்ல. அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் அம்மன் கோயிலின் அறப்பணிச் சபைக்குத் தலைவர். பொய் சொல்லக்கூடாது, சபை செய்ததெல்லாம் நல்ல காரியம்தான். வட்டுக்கோட்டைக்கு மேற்கே கடனீரேரி ஓரமாகக் கிடக்கிற குறிச்சி அது. கிணற்றில் அள்ளினால் சவர்த் தண்ணிதான் வரும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்க்காரரிடம் காசு சேர்த்துச் சபை குடிதண்ணீர் நிலையம் கட்டிக் கொடுத்தது. பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு வைத்தது. கடைசியாக, கொட்டில்களில் இருக்கிறவர்களுக்குக் கல்வீடு கட்டத் தொடங்கியது. அம்பாளின் பேரில் கட்டுகிற வீடு, சாதி பார்க்க மாட்டோம், சிபாரிசு பார்க்க மாட்டோம் என்று பஞ்சலிங்கமே ஒலிவாங்கியில் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை: காணி சொந்தக் காணியாக இருக்க வேண்டும்.

அருந்தவத்துக்கு அந்தத் துண்டை எழுதிக் கொடுக்கப் பஞ்சலிங்கம் ஒரு கையெழுத்து வைத்தால் போதும். ஆவணியில் நடந்த கூட்டத்தில் அருந்தவம் எழும்பி, சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அண்ணை, உந்தக் கையெழுத்தை மட்டும்..." என்று தொடங்கினான். பஞ்சலிங்கம் முடிக்க விடவில்லை.

"ஆருக்கு ஆர் அண்ணை? எங்கடை ஐயாவுக்கு நான் ஒருத்தன்தான் பிள்ளை. நீ ஆற்றை பிள்ளையெண்டு கிளியம்மாவைத்தான் கேக்கோணும். அவவும் செத்துப்போனா."

மண்டபத்தில் ஆழ்வாப்பிள்ளையின் பகுதி ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் உண்மை தெரியும். அவர்களிலும் மூன்று குடும்பங்களுக்கு வீடு வரவிருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அருந்தவம் வீட்டுக்கு வந்து, "தேத்தண்ணி போடு" என்று மட்டும் சொன்னான். நடந்ததை உதயகலா அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் அறிந்தாள்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. கொட்டிலுக்குள் தண்ணீர் ஏறியது. கட்டிலுக்குக் கல் வைத்து உயர்த்திப் படுத்தார்கள். பகலில் வயல் வரம்பு கட்டப் போன அருந்தவம் குளிர்காய்ச்சலோடு திரும்பி வந்தான். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள், பிந்திக் கொண்டு வந்துவிட்டீர்கள் என்றார்கள். கல்வீட்டில் இருக்கிறவனுக்கும் உந்தக் காய்ச்சல் வரும் அம்மா, வயல் தண்ணியால் வருகிறது என்று டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். உதயகலா அதைக் கேட்கிற நிலையில் இல்லை. அவளுடைய கணக்கில் அருந்தவத்தைக் கொன்றது பஞ்சலிங்கம். கொன்றதோடு நிற்கவில்லை, சாவையும் சாவில்லை என்று ஆக்கிவிட்டார். அவர் விளக்கை நிறுத்தவில்லை என்றதும் பகுதி ஆட்களும் நிறுத்தவில்லை. உதயகலாவின் அண்ணன் மகன் கொடிகாமத்தில் இருந்து வந்து கொள்ளி வைத்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு அவள் வயலுக்குப் புல்லுப் பிடுங்கப் போய்விட்டாள். துடக்குக்காரி நெல்லுக்குள் இறங்கலாமோ என்று வரம்பில் நின்ற ஒருத்தி கேட்டாள்.

"நெல்லு என்ன கோயிலே? நான் பிடுங்காமல் இருந்தால் நீ வந்து என்ரை உலையிலை அரிசி போடுவியோ?" என்றாள் உதயகலா.

கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்தது. கணுக்காலுக்கு மேல் சேற்றுத் தண்ணீர். நாள் முழுக்கக் குனிந்து நின்று கோரையைப் பிடுங்க வேண்டும். நெற்பயிரைப் போலவே தெரிகிற களைப்புல்லை வேர் பார்த்துப் பிடுங்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெளிறிச் சுருங்கிவிடும். உதயகலாவுக்குப் பக்கத்து நிரையில் நிரோஜா நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். அவளுடைய புருஷன் பிரகாஸ் ஆழ்வாப்பிள்ளையின் தமையனுடைய பேரன், அதாவது பஞ்சலிங்கத்தின் பகுதி. சபை கட்டிய வீடுகளில் ஒன்று அவர்களுக்கு. அதுவரை தார்ப்பாய்ப் படங்குக் கூடாரம்தான் வீடு, அதற்குள் மூச்சு இழுக்கிற முட்டு வருத்தத்தோடு ஒரு கைக்குழந்தை.

மத்தியானம் வரம்பில் குந்தி, பாணையும் சம்பலையும் பிய்த்துத் தின்றார்கள். போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது.

"அக்கா, வீட்டுப் பூட்டுத் திறப்புக் குடுக்கிற நாள் குறிச்சிட்டினம்" என்றாள் நிரோஜா. "வாற வெள்ளி அம்மனுக்குச் சங்காபிஷேகம். அதிலை திறப்பை வைச்சுப் பூசை செய்து தருவினமாம். அப்பிடியே போய்ப் பால் காய்ச்ச வேண்டியதுதான்."

"பூசைக்கு எசமானாய் ஆர் நிக்கிறது?"

"வேறை ஆர்? பஞ்சலிங்கத்தார்தான்."

"அவர் எப்பிடி நிக்கிறது? அவருக்குத் துடக்கு."

நிரோஜா வாயிலிருந்த பாணை மெல்லாமல் அவளைப் பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்? வெள்ளிக்கிழமை நான் கோயில் வாசலுக்குப் போறன். எனக்கும் துடக்கு, உள்ளுக்குப் போகமாட்டன். வெளியிலை நிண்டு குருக்களைக் கூப்பிட்டுச் சொல்லுவன். காப்புக் கட்ட முன்னம் சொல்லோணும். கையிலை தர்ப்பைக் காப்பு ஏறிச்செண்டால் பிறகு ஆர் செத்தாலும் துடக்குத் தீண்டாது. அது தெரிஞ்சுதான் மனுசன் விடியவே கட்டிவிடச் சொல்லிக் கேட்டிருக்காம். நான் அதுக்கு முன்னம் போவன்."

"அவர் இல்லையெண்டு சொல்லிப்போடுவார் அக்கா."

"சொல்லட்டும். அம்பாளுக்கு முன்னாலை, கனடாக்காரர் எல்லாம் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லட்டும். அந்த இடத்திலையே மண்ணள்ளித் திட்டுவன். குடும்பம் விளங்காமல் போகத் திட்டுவன். அதுக்குத்தான் போறன்."

நிரோஜா கையைத் தண்ணீரில் அலசினாள். அலசிய கையைத் திரும்பவும் அலசினாள்.

"ஓமெண்டு சொன்னால்?"

"சொல்லமாட்டார்."

"ஒருவேளை சொன்னாரெண்டால், அவருக்குத் துடக்கெண்டால் எங்களுக்கும் துடக்குத்தானே அக்கா. பால் காய்ச்சேலாது. துடக்குக் கழியேக்கை மார்கழி பிறந்திடும். மார்கழியிலை ஆர் குடிபூருறது? தைக்குத்தான் போகலாம்."

"தை என்ன தூரமே?"

"உங்களுக்குத் தூரமில்லை. ஈரத்துக்குள்ளை கிடந்து பிள்ளைக்கு முட்டு இழுக்குது. இரா முழுக்க நெஞ்சிலை போட்டுக்கொண்டு இருக்கிறன். படுக்க விட்டால் நீலம் பாரிக்குது." அவள் உதயகலாவின் சேற்றுக் கையைப் பிடித்தாள். "நாங்கள் பால் காய்ச்சின பிறகு சொல்லுங்கோ. பின்னேரம் சொல்லுங்கோ, நானும் வந்து பக்கத்திலை நிக்கிறன். உங்களைக் கும்பிட்டன் அக்கா."

"காப்புக் கட்டின பிறகு சொல்லி என்ன பிரயோசனம்? அண்டைக்கு அந்தக் கூட்டத்திலை உன்ரை மனுசனும் இருந்தவன்தானே. வாயைத் திறந்தவனே? நாய் செத்தால்தான் நிரோஜா, ஒருத்தருக்கும் துடக்கில்லை. என்ரை மனுசன் நாயே?"

நிரோஜா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினாள். உதயகலாவுக்கு அவள்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. இரக்கத்தைவிட மற்றது பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடியச் சனம் கோயிலில் நிறைந்துவிட்டது. மழை விட்டிருந்தது. வாழை கட்டி, தோரணம் கட்டி, வசந்த மண்டபத்தில் நெல் பரப்பிச் சங்குகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு தட்டில் வெற்றிலையும் மஞ்சளும் நடுவில் புதுத் திறப்புகளும். பஞ்சலிங்கம் பட்டு வேட்டி கட்டி, திருநீற்றுப் பூச்சோடு கும்பத்துக்கு எதிரே இருந்தார். வீடு கிடைக்கிற குடும்பங்கள் வரிசையில் நின்றன. நிரோஜா புதுப் பானையை ஒரு கையிலும் பிள்ளையை மற்றக் கையிலும் வைத்திருந்தாள். பிரகாஸ் தாடியும் மீசையுமாகப் பின்னால் நின்றான்.

உதயகலா தோய்ந்து, ஈரத் தலையோடு, கோயில் மதிலுக்கு வெளியே ரோட்டில் நின்றாள். குருக்கள் தர்ப்பையை எடுத்துப் பஞ்சலிங்கத்தின் கையைப் பிடிப்பதைக் கண்டாள்.

"குருக்களையா! காப்புக் கட்டாதேங்கோ!"

நாதஸ்வரம் ஒரு இழுப்பில் நின்றது. சபைக் காரியதரிசி கமலாவதி ரீச்சர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தா.

"உதயகலா, என்ன வேலை இது? வெளிநாட்டிலையிருந்து எவ்வளவு சனம் வந்து நிக்குது. இந்தப் பிள்ளையளின்ரை நல்ல நாள். நீர் இப்ப வீட்டை போம். பிறகு ஆறுதலாய்க் கதைப்பம், நானே பொறுப்பு."

"ரீச்சர், நீங்கள் நல்ல மனுசி. உங்களோடை எனக்குக் கோபமில்லை. விலகுங்கோ."

குருக்கள் தர்ப்பையைக் கையில் வைத்தபடியே வாசல்வரை வந்தார். "என்ன பிள்ளை?"

"என்ரை மனுசனுக்கு இன்னும் அந்தியேட்டி முடியேல்லை. அவர் ஆழ்வாப்பிள்ளையின்ரை மகன். உதிலை இருக்கிறவரும் ஆழ்வாப்பிள்ளையின்ரை மகன். துடக்குக்காரன்ரை கையிலை காப்புக் கட்டி அம்பாளுக்கு அபிஷேகம் செய்யப் போறியளோ?"

"உது ஆர் கண்டது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆர் கண்டதோ? இடப்பெயர்விலை வன்னியிலை கிழவன் செத்தநேரம் இவர் கொழும்பிலை. கொள்ளிக்குடம் தூக்கினது ஆர்? மொட்டை அடிச்சது ஆர்? என்ரை மனுசன்! அவர் பிள்ளையில்லையெண்டால் இவரின்ரை ஐயா பிள்ளையின்ரை கொள்ளி இல்லாமல் வெந்தவர். ரெண்டிலை எது வேணுமெண்டு அவரையே சொல்லச் சொல்லுங்கோ!"

சொல்லிக்கொண்டே குனிந்து ரோட்டோரத்து ஈரமண்ணைக் கை நிறைய அள்ளினாள். மண்ணள்ளித் திட்டினால் பலிக்கும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் பயம், கனடாக்காரருக்கும் பயம்.

குருக்கள் திரும்பிப் போய்ப் பஞ்சலிங்கத்தின் முன்னால் நின்றார். "எனக்கு ஊர்க்கதை வேண்டாம் பஞ்சலிங்கம். அம்பாளைப் பாத்துக்கொண்டு நீரே சொல்லும். துடக்கு இருக்கோ இல்லையோ? இல்லையெண்டால் கட்டுறன்."

பஞ்சலிங்கம் மூலஸ்தானத்தைப் பார்த்தார். ஆள் பொல்லாதவர்தான். சபையில் இருந்து எதையும் சொல்லுவார். ஆனால் சின்ன வயதிலிருந்து ஒரு வெள்ளி தவறாமல் அந்த வாசலில் விழுந்து கும்பிட்டவர். அவருடைய உதடு இரண்டு தரம் அசைந்தது. உதயகலா மண்ணை இறுக்கிப் பிடித்தபடி அந்த 'இல்லை'க்காகக் காத்திருந்தாள். அந்தச் சொல் எவ்வளவு வேண்டும் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"துடக்குத்தான்" என்றார் பஞ்சலிங்கம்.

"ஆற்றை துடக்கு?" உதயகலா வெளியிலிருந்து கத்தினாள். "பேரைச் சொல்லுங்கோ!"

"அருந்தவத்தின்ரை. தம்பியின்ரை."

அவர் எழும்பி, இடுப்பிலிருந்த சால்வையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் பகுதி ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ரோட்டில் வந்து நின்றார்கள். பெண்கள் பூத்தட்டுகளை உள்ளேயே வைத்துவிட்டு வந்தார்கள். தட்டிலிருந்து மூன்று திறப்புகளை எடுத்துக் கமலாவதி ரீச்சர் தனியே முடிந்து வைத்தா. நிரோஜா வெறும் பானையோடு கடைசியாக வந்தாள்.

உதயகலாவுக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. அருந்தவம் உயிரோடு இருந்தபோது அவனுக்காக ஒரு கதிரையை இழுத்துப் போடாத சனம். இன்றைக்கு அவனுக்காக ஒரு பகுதி முழுவதும் கோயிலுக்கு வெளியே நின்றது. உள்ளே வேறு பகுதி ஆள் ஒருவருக்குக் காப்புக் கட்டி மணியடித்தார்கள்.

பஞ்சலிங்கம் அவளுக்குக் கிட்ட வந்தார்.

"இப்ப திருப்தியோ?"

"இல்லை. நீங்கள் இல்லையெண்டு சொல்லுவியள் எண்டு நம்பி வந்தனான். சொல்லியிருந்தால் இன்னும் வடிவாய் இருந்திருக்கும்."

"காணிக்குக் கையெழுத்து வைக்கிறன்."

"வையுங்கோ. வேண்டாமெண்டு சொல்லமாட்டன். அந்த வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் உங்களைத் திட்டுவன்."

அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். அவள் கையை உதறினாள். மண் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது, சேலையில் துடைத்தாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரம் உதயகலா வேண்டுமென்றே ஒழுங்கையால் நடந்து போனாள். பஞ்சலிங்கம் வீட்டுச் சாமியறை யன்னல் இருட்டாக இருந்தது. குசினியில் மீன் மணம் இல்லை. அடுத்த வீடும் இருட்டு. அதற்கடுத்ததும் இருட்டு. ஒவ்வொரு படலையிலும் நின்று எட்டிப் பார்த்து, உறுதிப்படுத்திக்கொண்டு, ஆறுதலாகப் போனாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஒழுங்கை முடிகிற இடத்தில் பிரகாசின் படங்குக் கூடாரம். உள்ளே பிள்ளைக்கு இழுக்கிற சத்தம் வெளியே கேட்டது. நேரே போயிருக்கலாம், ஆனால் கால் நின்றுவிட்டது.

உள்ளே குனிந்து போனாள். நிரோஜா பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துச் சுடுதண்ணி ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். பிரகாஸ் மூலையில் கோப்பையில் சோறு தின்றுகொண்டிருந்தான். சோறும் முருங்கையிலை வறையும்தான். இவளைக் கண்டதும் எழும்பி, பெட்டியொன்றை இழுத்து இருக்கச் சொன்னான். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அவனுடைய தாடியை உதயகலா அப்போதுதான் வடிவாகப் பார்த்தாள். இரண்டு மூன்று நாள் தாடியல்ல அது.

கம்பத்தில் கட்டிய பலகையில் அம்மன் படம் இருந்தது. படத்துக்கு முன்னால் விளக்கு. அதற்குள் எண்ணெய் காய்ந்து, திரியில் பூஞ்சணம் பிடித்து, விளக்குக்கும் படத்துக்கும் இடையில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

"உதை எப்ப நிப்பாட்டினியள்?" என்று கேட்டாள்.

பிரகாஸ் கோப்பையைக் கழுவ வெளியே போனான். நிரோஜா பிள்ளையின் முதுகைத் தடவியபடி சொன்னாள். "மாமா செத்த அண்டையிலையிருந்து. அண்டைக்கே இவர் கிணத்தடியிலை தோய்ஞ்சுபோட்டு வந்து, இனி விளக்கு வைக்காதை, மீனும் வாங்காதை எண்டு சொன்னவர். நான் பிள்ளை பெத்து வந்த நேரம் கொட்டும் மழையிலை படங்கு கொண்டு வந்து இதைக் கட்டித் தந்தது மாமாதானே. வெளியிலை தெரிஞ்சால் வீடு போயிடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

இத்தனை காலம் 'அக்கா' என்று கூப்பிட்ட பெண். புருஷனுக்குச் சித்தப்பா முறையான அருந்தவம் அவளுக்கு மாமா என்று இன்றுவரை அவள் வாயால் வந்ததில்லை.

"பிறகெப்பிடி இண்டைக்குப் பால் காய்ச்ச வெளிக்கிட்டனீங்கள்?"

"பாவமெண்டு தெரிஞ்சுதான் வெளிக்கிட்டனாங்கள். வாற பாவம் எங்களுக்கு வரட்டும், பிள்ளை ஈரத்திலை கிடக்கக் கூடாதெண்டு."

பிள்ளை நெஞ்சு குழிய மூச்சை இழுத்தது. மேலே படங்கில் மழை பலத்தது. ஒழுங்கை நெடுகப் பார்த்துக்கொண்டு வந்த இருட்டு வீடுகள் உதயகலாவின் மனதில் ஒவ்வொன்றாக வந்து போயின. பஞ்சலிங்கத்தார் இப்போது ஓட்டு வீட்டுக்குள் நனையாமல் படுத்திருப்பார்.

"ஏனடி அண்டைக்கு வயலுக்குள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் இண்டைக்குக் கோயிலுக்கு வராமல் விட்டிருப்பியளோ?"

உதயகலா யோசித்துப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"இல்லை" என்றாள்.

"அதுதான் மாமி, சொல்லேல்லை" என்றாள் நிரோஜா.